பலகாரச் சூட்டு இரவு

2024 ஆவணியில் அக்காவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. இப்பொழுது யாழ்ப்பாணத்தில் கலியாணப் பலகாரங்களைப் பெரும்பாலும் வெளியில் சொல்லி எடுப்பித்துவிடுகிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் பயத்தம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் எண்ணிக்கை பிசகாமல் பெட்டிகளில் வந்து இறங்கிவிடும். அக்கா மட்டும் வீட்டில்தான் சுடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளுடைய பிடிவாதத்தினால் ஏழு பெண்கள், வளவின் பின்பக்கத்தில் இறக்கிய தகரக் கொட்டிலின் கீழ், மூன்று கல்லடுப்புகளைச் சுற்றி, மாலை ஆறு மணியிலிருந்து விடியும்வரை ஒன்றாக இருக்க நேர்ந்தது. அந்த இரவில் கேட்டவற்றை எழுதலாமா என்று உரியவர்களிடம் கேட்டேன். பெயரைப் போடாதே என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்கள். அம்மாவின் கடைசித் தங்கை குஞ்சியம்மா மட்டும், "ஆர் உதையெல்லாம் வாசிக்கப் போயினம்?" என்று சிரித்தார்.

முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் மற்றவர்களுடைய பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். கைகள் மாவுக்குள்ளும் கண்கள் தாச்சியின் மீதும் இருக்கும்போதுதான் சொந்தக் கதை வரும். எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கையில் யாரும் இடையில் எழுந்து போகவும் முடியாது. ஒருத்தி சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் கடைசிவரை கேட்டே ஆகவேண்டும். பலகாரச் சூடு என்ற வழக்கத்தின் உண்மையான பயன் இதுதானோ என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு.

ஆனால் அன்று அடுப்புப் பற்றவைத்த உடனேயே ஒரு சங்கடம் வந்தது. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, கற்பூரம் கொளுத்தி, முதற் பணியாரத்தை ஒரு சுமங்கலி எண்ணெயில் இடுவது வழக்கம். அப்பா 2011 இல் இறந்துவிட்டபடியால் அம்மா, யாரும் சொல்லும் முன்பே, சுளகைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார். இருப்பவர்களில் மூத்தவர் சின்னம்மா. அவருடைய நெற்றியில் குங்குமப் பொட்டு இருக்கிறது. கழுத்தில் தாலிக்கொடி இருக்கிறது. 1996 ஆவணியில் ஒரு காலைப்பொழுது சைக்கிளில் புறப்பட்டுப் போன சித்தப்பாதான் இல்லை. அவர் இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இறந்தார் என்றும் சொல்ல முடியாது. அக்கா தயங்கித் தயங்கிச் சின்னம்மாவை அழைத்தாள். அழைக்காமல் விட்டிருந்தால் அது ஒரு குற்றம், அழைத்தது இன்னொரு குற்றம் என்பதுபோல எல்லோரும் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சின்னம்மா எழவில்லை. "நான் போட்டால் சுமங்கலி எண்டு போடவேணும். போடாட்டில் மற்றது எண்டு ஆகும். ரெண்டுக்கும் நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. நீயே போடு பிள்ளை, நான் குழைக்கிறன்" என்றார். குரலில் கோபமும் இல்லை, கழிவிரக்கமும் இல்லை; அரிசிமாவுக்குச் சர்க்கரை அளவு சொல்வது போலச் சொன்னார்.

கையெழுத்து என்ற சொல்லை அவர் சும்மா சொல்லவில்லை. இராணுவம் குடாநாட்டைக் கைப்பற்றியபின் 1996 இல் இங்கே காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களுடைய மனைவிமார் அன்றிலிருந்து நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஒரு வீட்டு முகடு வரை போகும். சின்னம்மா ஆணைக்குழுக்களுக்கு முன் போய்ச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்துக்கும், முழங்கால் வலியோடு, மூன்றுமுறை பஸ் ஏறிப் போய்வந்தார். 2016 இல் நிறைவேற்றிய ஒரு திருத்தச் சட்டம், மரணச் சான்றிதழ் வேண்டாம் என்பவர்களுக்குக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற ஒன்றை வழங்க வழிசெய்தது. அதையும் அவர் வாங்கவில்லை. காணக் கிடைக்கவில்லை என்பதைத் தான் சொன்னால் போதாதா, அதற்கு ஏன் முத்திரை என்று கேட்டார்.

இவற்றுக்கெல்லாம் முன்பே அவரை ஒரு கையெழுத்து வதைத்திருந்தது. 2003 இல் மூத்த மகனை வெளிநாடு அனுப்புவதற்காகத் தன்னுடைய சீதனக் காணியை ஈடு வைக்க முயன்றார். காணி அவருடையது, உறுதி அவருடைய பெயரில். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரான எங்களுக்குரிய வழமைச் சட்டமாகிய தேசவழமையின் கீழ், 1911 ஆம் ஆண்டு முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனுடைய எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவனுடைய இருப்பிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக ஒரு கட்டளை பெறவேண்டும். போனார். கணவன் எங்கே என்று தெரியாது என்பதை, அவர் உலகத்தில் எவரிடமும் சொல்ல விரும்பாத அந்த ஒரு வசனத்தை, தன் காணியைத் தான் கையாளுவதற்காகச் சத்தியக் கடதாசியில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கு முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன.

இந்த இடத்தில் நான் தேசவழமையை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட அந்த வழமைதான், பெண்ணுக்குச் சீதனம் என்று தனியாகச் சொத்தை ஒதுக்கியது. சீதனத்தில் காணியும் வீடும் இருந்தபடியால் மாப்பிள்ளைகள் பெண்வீட்டு வளவுக்குக் குடிவந்தார்கள். ஆகவே எங்கள் ஊர்களில் அயல் என்பது பெரும்பாலும் சகோதரிகளின் அயல். அம்மம்மாவின் பன்னிரண்டு பரப்புச் செம்மண் காணி மூன்று பெண்பிள்ளைகளுக்கும் நாலு நாலு பரப்பாகப் பிரிந்தது. அம்மா கிழக்குப் பக்கம், சின்னம்மா நடுவில், குஞ்சியம்மா மேற்குப் பக்கம். இடையே கிளுவையும் பூவரசும் நட்டுக் கிடுகு கட்டிய வேலி. ஒவ்வொரு வேலியிலும் ஒரு பொட்டு. ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய அந்த இடைவெளியினூடாகத்தான் நெருப்புத் தணலும், சுண்டு அரிசியும், பத்தியக் கறியும், பிள்ளைக்குச் சுகமில்லை என்ற செய்தியும் போய்வந்தன. ஒரே வழமை, ஒரு கையால் சகோதரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் குடியிருத்தியது. மறு கையால் அவர்களுடைய காணிக்கான பேனாவை இன்னொருவரிடம் கொடுத்தது. நெற்றியிலே வைப்பதற்கும் வேலியிலே விடுவதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதைச் சின்னம்மாவின் வீட்டு வேலியைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அசையும் சொத்துக்கு அந்தச் சட்டம் கையெழுத்துக் கேட்பதில்லை. சட்டம் படிக்காத எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது எப்படியோ நன்றாகத் தெரிந்திருந்தது. அம்மாவிடம் ஒரு சோடிக் காப்பு இருந்தது. அது அம்மாவினுடையது என்றுதான் நான் வளர்ந்தேன். அந்த இரவில், அரியதரம் சிவக்கக் காத்திருந்த இடைவெளியில், மூன்று சகோதரிகளும் அந்தக் காப்பின் வரலாற்றை எண்ணத் தொடங்கினார்கள். தம்பி சுவிஸ் போனபோது அம்மாவின் பெயரில் அடைவு, அதாவது அடகு. சின்னம்மாவின் வழக்குச் செலவுக்குச் சின்னம்மாவின் பெயரில் அடைவு. குஞ்சியம்மாவின் கிணறு இடிந்தபோது அவருடைய பெயரில் அடைவு. என்னுடைய பல்கலைக்கழகத்து முதலாம் வருடத்துக்கும் அதுவே போயிருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் மீட்பதற்குச் சீட்டுக்காசு கைகொடுத்திருக்கிறது. நல்லது கெட்டதுக்குப் போகும்போது அம்மாவின் கை வெறுமையாகத் தெரியக்கூடாது என்பதற்காகக் குஞ்சியம்மா தன் காப்பை அம்மாவுக்குப் போட்டுவிட்டு, தான் கண்ணாடி வளையலோடு போயிருக்கிறார். வீட்டு ஆண்களில் ஒருவருக்கும் இது தெரியாது. மறைத்தார்கள் என்பதைவிட, அவர்கள் கேட்கவில்லை என்பது பொருத்தம். வீட்டிலே காசு எங்கிருந்தோ வந்தது, அவ்வளவுதான்.

இதே சகோதரிகளுக்குக் கிராமசேவையாளரின் படிவம் முதல் வங்கிப் படிவம் வரை தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. வெங்காயம் நட்டவர்கள், புகையிலைக்குத் தண்ணீர் கட்டியவர்கள், ஒடியல் காயவைத்தவர்கள், ஆடு வளர்த்தவர்கள். பல படிவங்களில் நானே என் கையால் "இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

நள்ளிரவு தாண்டியபோது இளையவர்கள் இருவர் தூங்கப் போய்விட்டார்கள். கலியாணப் பெண்ணைப் போகச் சொல்லியும் போகவில்லை. அவள் யாழ்ப்பாணத்திலேயே வங்கியொன்றில் வேலை செய்பவள். கேள்வி கேட்டுப் பழகியவள். குஞ்சியம்மா எழுந்து எழுந்து பின்பக்கம் போய்வருவதை அவள்தான் கவனித்தாள். "அம்மம்மா, உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கோ?" என்றாள். இல்லை என்றார். பிறகு, முறுக்கு உரலைத் திருகிக்கொண்டே, எங்கள் யாரையும் பாராமல் சொன்னார்.

1995 ஒக்ரோபர் 30 அன்று, எங்கள் ஊர் இருக்கும் வலிகாமப் பகுதி முழுவதையும் விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, குஞ்சியம்மாவின் மூன்றாவது பிள்ளைக்குப் பத்தொன்பது நாள். எங்கள் வழக்கத்தில் முப்பத்தொன்று கழியும்வரை பிள்ளை பெற்றவள் அடுக்களைக்குப் போகமாட்டாள். கிணற்றில் தண்ணீர் அள்ளமாட்டாள். சரக்குக் கறியும் வேதுத் தண்ணீரும் அவள் இருக்கும் இடத்துக்கு வரும். துடக்கு என்று பெயர் வைத்துத் தள்ளி இருத்துவதை நான் மேடைகளில் கண்டித்துப் பேசியிருக்கிறேன். ஆனால் அந்தத் துடக்குத்தான் பலருக்கும் வாழ்க்கையில் கிடைத்த ஒரே ஓய்வு என்பதையும் இப்போது ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குஞ்சியம்மாவுக்கு அது பத்தொன்பதாம் நாளோடு முடிந்தது. குஞ்சியப்பா மூத்த பிள்ளைகள் இருவரையும் மூட்டைகளையும் சைக்கிளில் வைத்துத் தள்ள, குஞ்சியம்மா ஒரு கையில் குழந்தையும், தோளில் அரிசிப் பையும், மறு கையில் நடக்கமுடியாத மாமியாருமாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார். நடந்தால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போகும் தூரத்துக்கு, மழையில், அந்த இரவு முழுவதும் போதவில்லை. நடந்தோம் என்று சொல்வது சரியில்லை. இலட்சக்கணக்கான சனத்துக்குள் நின்றோம், நெரிபட்டோம், ஓரடி வைத்தோம், மறுபடி நின்றோம்.

நானும் அந்தச் சனத்துக்குள் இருந்தேன். பதினெட்டு வயது. அன்றிரவு எனக்கு மாதவிலக்கு. இடமும் வலமும் கடல்நீர், முன்னும் பின்னும் மனிதர்கள். முன்பின் தெரியாத ஒரு நடுவயதுப் பெண், என் பாவாடையைப் பார்த்தாரோ முகத்தைப் பார்த்தாரோ தெரியாது, தன் மூட்டையை அவிழ்த்து ஒரு பழைய வேட்டியில் பாதியைக் கிழித்து என் கையில் திணித்தார். அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமாக நின்று சேலைத் தலைப்புகளை விரித்துப் பிடித்தார்கள். அந்த வட்டத்துக்குள் எனக்குப் பிறகு எத்தனை பெண்கள் வந்து போனார்கள் என்று எண்ணவில்லை. அவர்களுடைய கை சோர்ந்தபோது வேறு பெண்கள் வந்து தலைப்பைப் பிடித்தார்கள். இடப்பெயர்வைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. அந்தச் சேலை வட்டத்தை நான் எழுத்தில் அதிகம் கண்டதில்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 2018 இல், இறக்குமதி அணையாடைகள் மீதான வரிகள் எல்லாம் சேர்ந்து 100 சதவீதத்துக்கும் மேல் என்று செய்தியில் படித்தபோது, அந்தப் பாதி வேட்டி நினைவுக்கு வந்தது.

குஞ்சியம்மா தொடர்ந்தார். தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்த ஆறு மாதமும் தண்ணீர்க் குடம் சுமந்திருக்கிறார். ஒருநாள் குடத்தை இறக்கி வைக்கையில் "உள்ளுக்குள்ளை ஏதோ கழண்டு கீழே வந்த மாதிரி" இருந்ததாம். கருப்பை இறக்கம். பிள்ளைப்பேற்றின்போது இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. அவை மீண்டும் இறுகுவதற்கு முன் பாரம் தூக்கினால் கருப்பையைத் தாங்க முடியாமற் போகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் நிலைமை இன்னும் மோசமாகும். அடிவயிற்றில் எப்போதும் ஓர் இழுவை. இருமினால், சிரித்தால் சிறுநீர் கசியும். இதற்கு மருந்தில்லாமல் இல்லை. தொடக்கத்திலென்றால் தசைப் பயிற்சியே பலருக்குப் பயன் தரும். பிறகு உள்ளே பொருத்தும் வளையம் இருக்கிறது, சத்திரசிகிச்சை இருக்கிறது. குஞ்சியம்மா செய்தது துணியை மடித்துக் கட்டியது. இருபத்தெட்டு ஆண்டுகளாக. திருவிழாவுக்குப் போகாததற்கும் பஸ் பயணத்தைத் தவிர்த்ததற்கும் கால் நோவு என்று காரணம் சொல்லியிருக்கிறார். குஞ்சியப்பாவுக்குத் தெரியுமா என்று அக்கா கேட்டாள். "அவருக்கு இடுப்பு வருத்தம் எண்டு தெரியும்."

அப்போதுதான் அம்மா பேசினார். தனக்குத் தெரியும் என்றார்.

ஊருக்குத் திரும்பிவந்த 1996 இல், விடியப்புறம் கிணற்றடியில் குஞ்சியம்மா துணி அலசுவதை அம்மா வேலிப் பொட்டினூடாகக் கண்டிருக்கிறார். அலசிய விதத்திலேயே விளங்கிவிட்டதாம். அன்றிலிருந்து குஞ்சியம்மா வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்புவதும், அரிசி இடிப்பதும், நெல்மூட்டை தூக்குவதும் அம்மாவின் வேலையாயிற்று. ஏன் என்று குஞ்சியம்மா கேட்கவில்லை; ஏன் என்று அம்மா சொல்லவும் இல்லை. அம்மா தங்கை வீட்டிலே மாடாய் உழைக்கிறாள் என்று அப்பா கோபித்துக்கொண்ட நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்தக் கோபத்தையும் அம்மா பேசாமல் வாங்கிக்கொண்டார். குஞ்சியம்மா முறுக்கு உரலைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அந்த இரவில் அவர் ஒருவருடைய முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

நான் எழுதுபவள் என்பதால் அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கி, இப்படியொரு சகோதரப் பாசம் உண்டா என்று ஒரு வசனம் மனத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. கலியாணப் பெண் அதைக் கலைத்தாள். "அரிசி இடிச்சுக் குடுத்தீங்கள், சரி. ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருந்தால் ஆறு மாதத்திலை முடிஞ்சிருக்குமே அம்மம்மா. இருபத்தெட்டு வருசம் தண்ணி நிரப்பியிருக்கத் தேவையில்லையே."

யாரும் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னதை அன்றிலிருந்து பலவாறாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். மறுப்பதற்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. வேலிப் பொட்டினூடாக வந்த உதவி உண்மை. அதில் இருந்த அன்பும் கூர்மையும் உண்மை. ஆனால் அந்த உதவி, சுமையைத் தாங்கக்கூடியதாக மட்டும் ஆக்கியது. தாங்க முடிந்தபடியால் அது நீடித்தது. காப்பு அடைவுக்குப் போய் வந்ததனால்தான் காசு எங்கிருந்து வருகிறது என்று ஆண்கள் கேட்கவேண்டிய நாள் வரவே இல்லை. பெண்களைப் பூமாதேவி என்றும் பொறுமையின் சிகரம் என்றும் எங்கள் ஊர் மேடைகளில் புகழும்போது இப்போதெல்லாம் எனக்குக் காது கூசுகிறது. புகழ்பவர்களில் எவருக்காவது தண்ணீர்த் தொட்டி எப்படி நிரம்பியது என்று தெரியுமா என்று கேட்கத் தோன்றுகிறது. அதேவேளை, சொல்லாமலே அறிந்து, கேட்காமலே செய்த என் அம்மாவைப் பிழை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. 1996 இல், யுத்தத்துக்கு நடுவில், பாதித் துணியைத் தவிர வேறென்ன அவரிடம் இருந்தது? ஆனால் 2010 இல் இருந்திருக்கிறதே. அதைக் கேட்கவும் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2014 இல் தம்பி அனுப்பிய காசில் மூன்று வளவுகளுக்கும் மதில் கட்டினோம். அழகான மதில்தான். பொட்டு விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அம்மா தண்ணீர் நிரப்பப் போனது வீதியைச் சுற்றி, இரண்டு படலை திறந்து. எழுபது வயதுக்கு மேல் அதையும் விட்டுவிட்டார். பிறகு யார் நிரப்பினார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

விடிந்தபோது பலகாரங்களை எண்ணித் தகரப் பேணிகளில் அடுக்கினோம். கலியாணப் பெண் கையைக் கழுவிவிட்டு வந்து, எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவுடன் பேசி வைப்பதாகச் சொன்னாள். முப்பத்தைந்து வயதான பெண்களுக்காக 1996 இல் நாட்டில் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்கைப் பற்றி, எனக்கே அந்த அழைப்பு வந்து நான் பன்னிரண்டு ஆண்டுகளாகப் போகாமலிருப்பதைப் பற்றி, அக்காவும் போகாததைப் பற்றி ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ள வைத்தாள். நாலு பேரின் பெயரையும் தொலைபேசியில் குறித்தாள். நாள் பார்க்கத் தொடங்கியதும் குஞ்சியம்மா வெள்ளிக்கிழமை விரதம் என்றார். செவ்வாயும் விரதம். புதன்கிழமை மிளகாய் இடிக்க மில்லுக்குப் போகவேண்டும். திங்கள் கலியாணச் சாமான் திருப்பிக் கொடுக்கும் நாள். கடைசியில் கலியாணம் முடிந்து வரும் வியாழக்கிழமை என்று முடிவாயிற்று.

ஓட்டோவுக்கு நான் சொல்லி வைத்தேன். குஞ்சியம்மா படலைவரை போய், திரும்பி வந்து, என் காதருகே குனிந்தார்.

"ஆரும் கேட்டால் பல்லுக் காட்டப் போறம் எண்டு சொல்லு."